கலங்கல் பக்கம் இருந்து

போஸ்ட் எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் தேவயானி இப்போதெல்லாம் முதலில் ஒரு கேள்வி கேட்கிறாள்.

"எந்தப் பக்கத்துலேருந்து எண்ணின?"

நாலாவது கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று ஒருவர் வருவார். எந்தப் பக்கத்திலிருந்து நாலு என்பாள். இரண்டாவது தெருவில் குழாய் உடைந்துவிட்டது என்று இன்னொருவர் வருவார். எந்தப் பக்கத்திலிருந்து இரண்டு என்பாள். சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்கு எரிச்சல் வரும்.

"ஊருக்கே தெரியுமே, இத வேற எழுதணுமா?"

"ஊருக்குத் தெரியும். படிக்கிறவனுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வி அவளுக்கு வந்து ஒரு மழைக்காலம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் அவள் கேட்டதெல்லாம் வேறு.

உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் சடையம்பாக்கம். அங்கே காலனியில் தேவயானியின் வீடு. முப்பத்து நாலு வயது. நூறு நாள் வேலைக்குப் பணித்தளப் பொறுப்பாளர். காலையிலும் மதியமும் வேலைக்கு வந்தவர்களை நிற்க வைத்துப் படம் பிடித்துச் செயலியில் ஏற்றுவது அவள் பொறுப்பு. அதற்காக வாங்கிய போன்தான் எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது. ஒருநாள் காலனி முனையில் நாலு மாதமாக எரியாத விளக்கைப் படம் எடுத்து, எக்ஸ் தளத்தில் ஒரு கணக்கைத் திறந்து, மேலே இருப்பவர்களின் கணக்குகளைச் சேர்த்துப் போட்டுப் பார்த்தாள். ஐந்தாம் நாள் விளக்கு எரிந்தது. ஆறாம் நாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

காசு கொடுக்காத கணக்குக்கு இருநூற்று எண்பது எழுத்துதான். அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. நமக்கு 'கு' ஒரு எழுத்து, போனுக்கு அது இரண்டு. புள்ளி வைத்த எழுத்தும் இரண்டு. ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்குக் கிடைக்கும் இடத்தில் முக்கால் பங்குகூடத் தமிழுக்குக் கிடைக்காது என்பதைத் தேவயானி நாலைந்து போஸ்டிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கை வெட்டுக் கை ஆயிற்று. யார், எங்கே, என்ன, எத்தனை பேர், எந்த நம்பர். இந்த ஐந்தும் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் தூசு.

தூசு என்று அவள் தட்டிவிட்டவற்றுக்காகப் போட்ட சண்டைகள் ஏராளம்.

"வணக்கம்னு ஒரு வார்த்த இல்லாம இன்னாடி லெட்டரு இது?" என்றாள் கங்கம்மாள், ரேஷன் கடை பற்றி எழுதச் சொல்லி வந்தவள். "மரியாதி கெட்டவங்கன்னு நெனச்சிக்கப் போறாங்க."

"வணக்கத்துக்கு ஏழு எழுத்து பூடும் அத்த. ஏழு எழுத்துல 'அரிசி இல்ல'ன்னு பாதி சொல்லிடலாம்."

ஏரித் தண்ணீரை வயல்களுக்கு முறை வைத்துத் திறந்துவிடும் நீர்கட்டி சுப்ரமணிக்கு வேறு குறை. மதகுப் பலகை உளுத்துப்போனதைப் பற்றி எழுதித் தந்தாள். வாங்கிப் படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"எங்கப்பன் பேரு எங்க?"

"உங்கப்பன இதுல வச்சா பலகைய எங்க மாமா வக்கிறது?"

அன்றிலிருந்து ஒரு வாரம் அவர் பேசவில்லை. பலகை வந்த பிறகுதான் பேசினார்.

இப்படி வெட்டி வெட்டி எழுதிய தேவயானிக்கு, வெட்டக் கூடாததை வெட்டிய ஒரு காலை வந்தது.

சடையம்பாக்கம் பெரிய ஏரிக்கு எட்டு மதகுகள். வடகோடியில் கலங்கல், அதாவது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடும் இடம். ஊரில் மதகுகளைக் கலங்கல் பக்கத்திலிருந்துதான் எண்ணுவார்கள். தண்ணீர் முறை அங்கேதான் தொடங்கும். அந்த எண்ணிக்கையில் மூன்றாவதாக வரும் மதகுக்குக் கீழே, தாழ்ந்த நிலத்தில், பதினாலு இருளர் குடும்பங்கள். அந்தக் குடியிருப்புக்கே பெயர் மூணாம் மதகு. ஓட்டர் அட்டையில் வேறு ஏதோ நகர் என்று இருக்கிறது. யாரும் அப்படிச் சொல்வதில்லை.

மூணாம் மதகில்தான் செங்கேணி இருந்தாள். நூறு நாள் வேலையில் எட்டு வருஷமாகத் தேவயானியோடு மண் சுமந்தவள். சோற்றுத் தூக்கை மாற்றி மாற்றித் தின்பவர்கள் இரண்டு பேரும். செங்கேணிக்கும் இருசப்பனுக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் குழந்தை தங்கவில்லை. மூன்று தடவை கலைந்து, நாலாவது தடவை ஒன்பதாம் மாதம்வரை வந்திருந்தது. அந்த வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் தேவயானி ஒருநாளும் வீடு திரும்பியதில்லை.

அந்த ஐப்பசியில் புயல் மழை நாலு நாள் விடாமல் அடித்தது. மூணாம் மதகுக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். ஒன்பது பேர் மட்டும் குடியிருப்பிலேயே தங்கிவிட்டார்கள். செங்கேணியால் அந்தச் சேற்றில் நடக்க முடியவில்லை. மழை விட்டிருக்கிறது, விடிந்ததும் டிராக்டர் கொண்டுவந்து ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு. விடிவதற்குள் கலங்கலிலிருந்து ஓடும் கால்வாயின் கரை அறுத்துக்கொண்டது.

காலை ஆறு மணிக்கு இருசப்பன் போன் செய்தான்.

"யக்கா, தண்ணி கழுத்தாண்ட கீது. மோட்டார் ரூம் மேல ஏறிக்கினோம். ஒம்போது பேரு. இதுக்கு இடுப்பு வலிக்குதுன்னுது. எதுனா பண்ணுக்கா."

"பயப்படாத. போன அணைக்காத. நானு பாக்கறேன்."

பஞ்சாயத்துத் தலைவர் போன் அணைந்திருந்தது. மீட்பு எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாவட்டமே தண்ணீரில் நின்ற நேரம். தேவயானிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கதவோரம் குந்தி, போனைத் துணியில் துடைத்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். சார்ஜ் இருபத்தாறு. டவர் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது.

எழுதி முடித்தபோது ஓரத்தில் சிவப்பில் எண் நின்றது. இருபத்தொன்று அதிகம்.

எதை வெட்டுவது? கர்ப்பிணியை வெட்ட முடியாது. குழந்தைகளை வெட்ட முடியாது. எத்தனை பேர் என்பதை அவள் எப்போதுமே வெட்டியதில்லை. மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினாள். 'கலங்கல் பக்கம் இருந்து 3வது மதகு' என்று இருந்தது. மூணாம் மதகை வேறு எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள்? கலங்கல் பக்கம் இருந்து. நடுவே உள்ள இடைவெளிகளோடு இருபத்து மூன்று எழுத்து. தட்டினாள். சிவப்பு போய்விட்டது. இரண்டு எழுத்து மிச்சம்கூட இருந்தது.

'அவசரம். சடையம்பாக்கம் பெரிய ஏரி, 3வது மதகு கீழே இருளர் குடியிருப்பு. மோட்டார் கொட்டகை மேல் 9 பேர். இதில் நிறைமாத கர்ப்பிணி 1, குழந்தை 2. தண்ணீர் கழுத்தளவு, ஏறுகிறது. சாலை இல்லை, படகு தேவை.' அதன் கீழே அவள் பெயர், நம்பர், மூன்று பெரிய கணக்குகள். போட்டுவிட்டாள்.

அவள் எழுதியதில் அதுபோலப் பறந்தது வேறில்லை. அரை மணி நேரத்தில் நானூறு பேர் பகிர்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டாயிரம். முகம் தெரியாதவர்கள் எல்லாம் போன் செய்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டு அழுதார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் சார்ஜ் பதினேழுக்கு வந்தது. ஒவ்வொரு அழைப்பையும் எடுக்கவும் பயம், எடுக்காமல் விடவும் பயம். எது படகுக்காரன் அழைப்போ, யார் கண்டது?

எட்டே காலுக்கு அந்தப் பதில் வந்தது. 'கரை சேர்ப்போம்' என்று சென்னையிலிருந்து வந்த தன்னார்வலர் குழு. 'எங்கள் படகு சடையம்பாக்கம் ஏரி 3வது மதகை அடைந்தது. அனைவரும் பத்திரமாக மீட்பு. நன்றி மக்களே.' கீழே இதயங்களும் கும்பிட்ட கைகளும் குவிந்துகொண்டிருந்தன. படம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது, திறக்கவில்லை.

தேவயானிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. உடனே இருசப்பனைக் கூப்பிட்டாள்.

"டேய், படகு வந்துடுச்சாமே! அவ எப்பிடிக் கீறா?"

"எங்கக்கா? இங்க ஒண்ணும் காணமே."

"மூணாம் மதகாண்ட வந்துட்டோம்னு போட்டுக்கீறாங்க. கால்வா வளைவுல நிக்கும். நல்லா பாரு."

"சத்தமும் இல்லியே… சரிக்கா, நானு போயி பாத்துக் கூட்டிக்கினு வரேன்."

பேசி முடித்த பிறகுதான் படம் திறந்தது. படகில் நாலு பேர். காதில் கம்மல் போட்ட ஒரு கிழவர், இரண்டு பெண்கள், ஒரு வாலிபன். பின்னால் மூங்கில் கூடைகளில் வாத்துகள். அறுப்பு முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்து தென்கோடியில் தங்கியிருந்தவர்கள் அவர்கள். படத்தின் ஓரத்தில் மதகின் கல்தூண். அதில் வெள்ளைப் பட்டையின் மேல் கறுப்பாக எழுதியிருந்தது: 3.

மதகுத் தூண்களில் பெயிண்ட் அடித்தவர்கள் தெற்கிலிருந்து எண்ணியிருந்தார்கள். அந்த எண்களை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. இருபது வருஷமாக அந்தக் கரையில் நடந்த தேவயானியும் பார்த்ததில்லை. ஊரின் மூணாம் மதகு அவர்கள் கணக்கில் ஆறு. இரண்டுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர்.

தேவயானி திரும்ப எழுதினாள். 'இது தவறு. மீட்கப்பட்டது வேறு ஆட்கள். 9 பேர் இன்னும் தண்ணீரில். கலங்கல் பக்கம் இருந்து 3வது மதகு.' அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகப் போயிற்று. போட்டாள். பதினோரு பேர் பார்த்தார்கள். பழைய போஸ்ட்டோ நாலாயிரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. புதியதன் கீழே யாரோ ஒருவன் எழுதினான்: 'எல்லாரையும் மீட்டாச்சு. படம் இருக்கு. வதந்தி பரப்பாதீங்க.'

படகுக்குழுவின் நம்பர் பிஸி. மறுபடியும் பிஸி. அழுது வைத்த வெளிநாட்டுக்காரர் மட்டும் கூப்பிட்டார், நன்றி சொல்ல.

அப்புறம் செங்கேணி கூப்பிட்டாள். குரல் பல்லிடுக்கிலிருந்து வந்தது.

"அக்கா, படகப் பாக்கறேன்னு எறங்கினாரு. வளைவாண்ட தலை தெரிஞ்சிது. இப்பத் தெரியல. நீ சொன்னியேன்னுதான் எறங்கினாரு."

தேவயானி போனை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

சுப்ரமணி குடையோடு எதிரே வந்தார். அவரை நிறுத்தினாள். "ஆள் கூட்டிக்கினு ஆறாம்… மூணாம் மதகாண்ட கரையில நில்லு மாமா. கயிறு எடுத்துக்கோ. படகோட வரேன்."

"எங்கேருந்து படகு?"

"எங்கேருந்தோ!"

கரை முழுக்கக் களி. செருப்பைக் கழற்றி எறிந்தாள். ஒரு பக்கம் ஏரி கடல் மாதிரி கரையை அடித்தது. மறுபக்கம் பயிரிருந்த இடமெல்லாம் வெள்ளைத் தண்ணீர். இரண்டு தடவை விழுந்தாள். ஓட ஓட வாயில் அதே மூன்று வார்த்தை வந்துகொண்டிருந்தது. கலங்கல் பக்கம் இருந்து. கலங்கல் பக்கம் இருந்து. அந்த மூன்று பெரிய கணக்குகளில் ஒன்று சென்னையில் ஏதோ ஒரு சேனலுடையது. அதை வெட்டியிருக்கலாம். 'அவசரம்' என்பதை வெட்டியிருக்கலாம், அவசரமில்லாமல் யார் மோட்டார் ரூம் மேல் ஏறுவார்கள்? வெட்ட எத்தனையோ இருந்தன.

தென்கோடியில் லாரி உறுமிக்கொண்டிருந்தது. படகைப் பாதி ஏற்றிவிட்டார்கள். குழுவுக்குத் தலைவர் புருஷோத்தமன், கண்ணாடியில் மழைத்துளியோடு ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு நின்றார். அடுத்தது பழையசீவரம், பாலாற்றங்கரை.

"சார், நிறுத்துங்க. தப்பான ஆளுங்கள ஏத்தினீங்க."

"நீங்க யாரும்மா?"

"தேவயானி. அந்த போஸ்ட்டு நானு எழுதினது."

"ஓ, நீங்களா மேடம்! அது முடிஞ்சிடுச்சே. மூணாவது மதகு, இதோ இருக்கு பாருங்க." தூணைக் காட்டினார். "பழையசீவரத்துல பதினஞ்சு பேர் காத்துக்கிட்டிருக்காங்க. ஒவ்வொரு நிமிஷமும்…"

"இந்த மூணு இல்ல சார். அந்தக் கோடியிலேருந்து மூணு. வாத்துக்காரங்க இவங்க. கேட்டீங்களா இவங்கள?"

"அவங்க பேசறது புரியல. தண்ணியில நின்னாங்க, ஏத்திட்டோம்."

"புள்ளத்தாச்சி எங்க சார் இதுல?"

புருஷோத்தமன் பட்டியலையும் படகையும் மாறி மாறிப் பார்த்தார். நம்புவதா வேண்டாமா என்பது முகத்தில் தெரிந்தது. அன்று காலையிலிருந்து எத்தனையோ பேர் ஓடி வந்து எங்கள் தெருவுக்கு, எங்கள் தெருவுக்கு என்று கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள்.

தேவயானி போனை எடுத்துத் தன் போஸ்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நானு எடத்த ஒழுங்கா எழுதல. அது எம்மேல தப்பு. ஆனா எத்தினி பேருன்னு எழுதினேன். படிங்க. ஒம்போது. நீங்க ஏத்தினது எத்தினி?"

லாரிமேல் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பினார். ஆல்பர்ட், கடலோரத்திலிருந்து படகோடு வந்த மீனவர்.

"நாலு. நானு அப்பவே சொன்னேனா இல்லியா சார்? ஒம்போதுன்னு போட்டுக்கீது, நாலுதான் கீதுன்னு. மீதிப் பேரு மேட்டுக்குப் பூட்டிருப்பாங்கன்னீங்க." கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். "எறக்குங்கடா. யம்மா, ரோடு கீதா அங்க?"

"இல்லண்ணா. ஏரிக்குள்ளாறயே போயி, கரை மேல இழுத்து அந்தாண்ட எறக்கணும். ஆளுங்க கயிறோட நிக்கறாங்க."

புருஷோத்தமன் பட்டியலை மடித்து வைத்துவிட்டுப் படகின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

ஏரிக்குள் அலை தூக்கித் தூக்கிப் போட்டது. மதகுத் தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. நாலு, ஐந்து, ஆறு. அங்கே சுப்ரமணியும் காலனி ஆட்கள் பன்னிரண்டு பேரும் நின்றார்கள். கங்கம்மாள்கூட முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். படகைக் கரைமேல் இழுத்து மறுபக்கம் சரிக்கப் பத்து நிமிஷம். ஆல்பர்ட்டும் அவர் கூட்டாளியும் வழி காட்டச் சுப்ரமணியும் ஏறினார்கள். தேவயானியை ஏற்றவில்லை. "ஏறினா வரும்போது ஒரு ஆள் எடம் குறையும்மா" என்றார் ஆல்பர்ட். அந்தக் கணக்கு அவளுக்குப் புரிந்தது.

மோட்டார் ரூம் விளிம்பில் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்ததாம். இரண்டு நடையில் எட்டு பேர் கரைக்கு வந்தார்கள். முதல் நடையிலேயே செங்கேணி. உதடு நீலம் பூத்திருந்தது, வலி வந்து வந்து போனது. நாலு பேர் அவளைக் கட்டிலில் வைத்துத் தூக்கினார்கள். சாலையில் டிராக்டர், அதற்கப்பால் ஆம்புலன்ஸ்.

தேவயானி கட்டிலோடு கூடவே ஓடினாள். செங்கேணி அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் நொறுங்கியது.

"ஒம்போதுன்னுதான எழுதின?"

"ஆமாண்டி."

"அப்ப ஒம்போதா கொண்டா."

அவள் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

தேவயானி கரைக்குத் திரும்பி வந்தபோது புருஷோத்தமன் மழைக்கோட்டுக்குள் போனைப் பிடித்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் எழுதறீங்க?"

"தப்பைத் திருத்தணும் இல்லையா? 'சரியான இடத்தில் அனைவரும் மீட்பு'ன்னு…"

"அனைவரும் இல்ல சார்."

"சரி, எட்டு பேர் மீட்புன்னு…"

"வேணாம். மீட்புன்னு ஒரு வார்த்த பாத்தா அப்பிடியே தள்ளிட்டுப் பூடுவாங்க. காலையில பாத்தோமே. ஒம்போது ஆவற வரைக்கும் ஒண்ணும் போடாதீங்க. உங்க காலப் புடிக்கறேன்."

அவர் எழுதியதை அழித்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். "பழையசீவரத்துல பதினஞ்சு பேர், மேடம்" என்றார், மெதுவாக. "இன்னொரு படகு அங்க போகுதான்னு கேட்டிருக்கேன். இன்னும் அரை மணி நேரம். அதுக்கு மேல என்னால நிறுத்த முடியாது."

படகு மறுபடியும் போயிற்று. வளைவுக்கு அப்பால், கால்வாய் வயல்களோடு கலக்கும் இடத்தில், வேலிக்காத்தான் புதர்கள் தலைமட்டும் காட்டி நின்றன. படகு அவற்றுக்குள் நுழைந்து மறைந்தது. இன்ஜின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் நின்றது. இருசப்பன் பெயரைச் சொல்லிச் சுப்ரமணி கூப்பிடுவது கேட்டது. அதுவும் நின்றது.

தேவயானி போனை எடுத்துப் பார்த்தாள். மூன்று சதவீதம். காணவில்லை என்று எழுத வேண்டி வந்தால் என்ன எழுதுவாள்? இருசப்பன், முப்பத்திரண்டு, மாநிறம், காக்கி டவுசர். இடது முழங்கையில் பாம்பு கடித்த வடு. எலி வளையில் கைவிடும்போது பாட்டுப் பாடுவான். படகு வந்துவிட்டது என்று ஒருத்தி சொன்னதும் நம்பி இறங்கினான். எதை வைப்பது, எதை வெட்டுவது? அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிட்டது.

புருஷோத்தமன் கைக்கடிகாரத்தை ஒருதரம் பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை.

இருபது நிமிஷம் ஆகியிருக்கும். இன்ஜின் சத்தம் திரும்பக் கேட்டது. புதருக்குள்ளிருந்து படகு மூக்கை நீட்டியது. மழை மறுபடி பிடித்துக்கொண்டதால் ஆட்கள் நிழல் மாதிரிதான் தெரிந்தார்கள். தேவயானி முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு கண்ணைச் சுருக்கினாள். போகும்போது படகில் மூன்று பேர்.

எண்ணினாள். இன்ஜின் பக்கத்திலிருந்து ஒருமுறை, மூக்குப் பக்கத்திலிருந்து ஒருமுறை.

எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் நாலு தலை இருந்தது. நாலாவது தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.